கறவாத கிடேரிக்கும் கணக்கு வேண்டும்

பால் ஊற்றும் பசுவின் பேரில் சங்கம் தீவனம் கடனாக வழங்குகிறது. பால் பணத்தில் அதைப் பிடித்துக்கொள்கிறது. முறை நல்லதே. ஆனால் பால் மறந்த கிடேரிக் கன்றுக்குச் சங்கத்தில் கணக்கில்லை. ஆகவே தொட்டியில் தீவனமும் இல்லை. வைக்கோலை மென்று அது காலந்தள்ளுகிறது. கறவாத மாட்டுக்குச் செலவு எதற்கு என்பது நம் வழக்கம். பாவுக்குக் கஞ்சி போடுவதில் சிக்கனம் பிடித்தவர், தறியில் இழை அறுந்து அதற்கு விலை கொடுப்பதை நெசவாளர் அறிவர்.

கிடேரி பருவத்துக்கு வருவது வயதைவிட உடல் எடையையே பெரிதும் பொறுத்தது. முழு வளர்ச்சி எடையில் நூற்றுக்கு 60 முதல் 65 பங்கை எட்டிய பின்னரே சினைக்கு விடுதல் நலம். கலப்பின ஜெர்சிக்கு இது சுமார் 225 முதல் 250 கிலோ. நாளொன்றுக்கு 400 கிராம் வளரும் கன்று ஒன்றரை வயதையொட்டி இதனை எட்டும். 200 கிராமே வளர்வதற்கு மூன்று வயதாகிவிடும். முன்னது இரண்டே கால் வயதையொட்டிக் கன்று ஈனும். பின்னது ஏறக்குறைய நான்கு வயதில். இடைப்பட்ட ஒன்றரை ஆண்டுப் பாலும் நமக்கு நஷ்டம்.

தேவைப்படுவது அதிகமன்று. பசுந்தீவனத்துடன் வேலிமசால் அல்லது அகத்தி, தினம் ஒன்று முதல் ஒன்றரை கிலோ கலப்புத் தீவனம், சிறிது தாது உப்பு, மருத்துவர் சொற்படி குடற்புழு மருந்து. அளவு மீறலும் ஆகாது. பருவத்துக்கு முன் மிதமிஞ்சிக் கொழுத்தால் மடியில் கொழுப்புப் படிந்து பால் குறையும்.

பலன் தராத மாட்டுக்குக் கடன் கொடுத்தால் திரும்புமா என நிர்வாகிகள் ஐயுறுவது நியாயமே. ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். ஓராண்டுக்கு ஏறக்குறைய ஒன்பது மூட்டைத் தீவனத்தை மாதந்தோறும் பொருளாகவே கொடுக்கலாம். நாடாவால் மார்புச் சுற்றளவை அளந்து புத்தகத்தில் குறிக்கலாம். வளர்ச்சி இல்லையேல் அடுத்த மூட்டையை நிறுத்தலாம். உறுப்பினரின் மற்றொரு பசுவின் பாலிலோ, கிடேரி ஈன்றபின் அதன் பாலிலோ தவணையாகப் பிடிக்கலாம்.

மெலிந்த கிடேரியைச் சந்தையில் மலிவாகத் தள்ளிவிட்டு, கடன் வாங்கிக் கறவை மாடு பிடிக்கும் ஏழை உறுப்பினரை நாம் ஊர்தோறும் காண்கிறோம். இரு வியாபாரத்திலும் லாபம் தரகருக்கே. அந்தக் கன்றை அவர் வீட்டிலேயே பசுவாக்குவது சங்கத்தின் கடமையன்றோ? வரும் மகாசபைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனை ஆலோசித்துத் தீர்மானிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.