தாராவியின் பழைய தாள்களுக்குத் தட்டை ஸ்கேனரே ஏற்றது

ஆசிரியர் அவர்களுக்கு,

மும்பையின் தாராவி மறுசீரமைப்புக்கான வீட்டுக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருந்ததைக் காட்டினால்தான் தாராவிக்குள் இலவச வீடு. ஆகவே பழைய மின்கட்டண ரசீதும் ரேஷன் அட்டையும் ஒரு குடும்பத்தின் சொத்துக்குச் சமம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை பெய்த நகரத்தில், அவற்றை இரும்புப் பெட்டியில் மட்டும் வைத்திருப்பது போதாது. ஸ்கேன் செய்துவைக்க வேண்டும்.

வீட்டுக்கோ சிறு அலுவலகத்துக்கோ ஸ்கேனர் வாங்குவோர் பலர் வேகத்தைத்தான் பார்க்கிறார்கள். தாளை உள்ளிழுக்கும் வகை, கட்டுக்கட்டான புது பில்களுக்கு நல்லதுதான். ஆனால் மடிப்பில் கிழிந்த தாளை அதன் உருளைகள் மேலும் கிழித்துவிடும். தைத்த ரேஷன் புத்தகம் அதற்குள் நுழையவே நுழையாது. கண்ணாடிமேல் வைக்கும் தட்டை ஸ்கேனரில் தாள் அசைவதில்லை. எழுத்துக்கு 300 டிபிஐ போதும். மங்கிய முத்திரைக்கு 600 வைத்து, வண்ணத்திலேயே எடுக்கலாம். கைப்பேசி போதாதா என்பார்கள். அவசரத்துக்குப் போதும், ஆனால் நிழலும் கோணலும் விழுந்தால் தேதியும் முத்திரையும் தெளிவாகத் தெரியாமல் போகலாம். மூலத்தைத்தானே கேட்பார்கள் என்பதும் சரியே. ஆனால் மூலம் தொலைந்தால், சான்றிட்ட நகல் கேட்டு விண்ணப்பிக்கத் தேவையான எண்ணும் தேதியும் ஸ்கேன் செய்த பிரதியில்தான் இருக்கும்.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தமிழ் அமைப்புகள் ஆளுக்கொரு தட்டை ஸ்கேனர் வாங்கி, மக்களுக்கு இலவசமாகத் திறந்துவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், செம்பூர், மும்பை