"மெயில் அனுப்பினோமே சார்!"

போன மாதம் பென்ஷன் பணம் எடுக்க ஏ.டி.எம். போனேன். பணம் வரவில்லை. கிளைக்குப் போய் விசாரித்தால், "கே.ஒய்.சி. புதுப்பிக்கலை, அதான் கணக்கை நிறுத்தி வச்சிருக்கு. மெயில் அனுப்பினோமே சார்" என்றது கவுண்டரில் இருந்த பெண். அந்தப் பிள்ளையைக் கோபித்து என்ன பயன்?

வீட்டுக்கு வந்து பேரனை விட்டுத் தேடினேன். ஸ்பேம் பெட்டியில் கிடந்தது. மேலே லாட்டரிப் பரிசு, கீழே முடி வளர்க்கும் தைலம், நடுவில் என் வங்கி. அதற்கு முன்னால் அனுப்பியிருந்தால் அது போயே போயிருக்கும். ஸ்பேமில் விழுந்ததை ஜிமெயில் 30 நாளில் தானாக அழித்துவிடும்.

ரேஸ்கோர்ஸில் காலையில் நடக்க வரும் நண்பர்களிடம் சொன்னேன். "ஸ்பேமையும் அப்பப்ப பார்க்கணும்ணே" என்று எனக்கே புத்தி சொன்னார்கள். அதே வங்கிதான் சந்தேகமான மெயிலைத் திறக்காதே என்று வாசலில் போர்டு வைத்திருக்கிறது. மோசடிக்காரனும் கே.ஒய்.சி. என்றுதான் எழுதுகிறான். நான் திறக்கவா, வேண்டாமா?

இதில் பெரும் பொறுப்பு அனுப்புகிறவருக்குத்தான். ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் கறாரான விதி வைத்திருக்கிறது. எஸ்.பி.எஃப். என்பது இந்தப் பெயரில் தபால் போட எந்தெந்தக் கணினிக்கு அனுமதி என்ற பட்டியல். டி.கே.ஐ.எம். என்பது நம் காலத்து அரக்கு முத்திரை மாதிரி. வழியில் யாரும் திருத்தவில்லை என்று காட்டும். இவை பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். மூன்றும் இருக்க வேண்டும். அதோடு, ஆயிரத்துக்கு மூன்று பேர் "இது ஸ்பேம்" என்று அழுத்தும் அளவுக்கும் போகக் கூடாது.

அங்கேதான் இவர்கள் மாட்டுகிறார்கள். தினம் ஒரு லோன் விளம்பரம், கிரெடிட் கார்டு விளம்பரம். எரிச்சலில் ஜனங்கள் ஸ்பேம் என்று அழுத்துகிறார்கள். நானும் அழுத்தியிருக்கிறேன், மறைப்பானேன். அதே முகவரியிலிருந்து முக்கியமான நோட்டீஸ் வந்தால் அதுவும் குப்பைக்குத்தான் போகும். விளம்பரத்துக்கு ஒரு முகவரி, நோட்டீஸுக்கு ஒரு முகவரி என்று பிரித்து வைக்க இவர்களுக்கு என்ன கேடு?

வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் ".பேங்க்.இன்" என்று முடியும் இணைய முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. எது அசல், எது போலி என்று அடையாளம் காண அது உதவும். அதைவிட முக்கியமானது 2025 ஜூனில் வந்த திருத்தம். கே.ஒய்.சி. கெடு தேதிக்கு முன் குறைந்தது மூன்று அறிவிப்பு, அதில் ஒன்றாவது கடிதமாக இருக்க வேண்டும். கெடு தாண்டினாலும் மூன்று நினைவூட்டல், அதிலும் ஒரு கடிதம். 2026 ஜனவரி 1-க்குள் எல்லா வங்கியும் இதை நடைமுறைப்படுத்தியாக வேண்டும். மெயிலை மட்டும் நம்பினால் போதாது என்று ரிசர்வ் வங்கிக்கே தெரிந்திருக்கிறது. இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்கும் இதே மாதிரி வேண்டும்.

மேலூர்ப் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்து, கணக்கு நின்றுபோய் வெறுங்கையோடு திரும்பும் கிழவருக்கு ஸ்பேம் என்றால் என்னவென்று யார் சொல்வது?

நீங்கள் இன்றைக்கே அந்தப் பெட்டியைப் பாருங்கள். வங்கி மெயில் கிடந்தால், முகவரி சரிதானா என்று பார்த்துவிட்டு "ஸ்பேம் அல்ல" என்று அழுத்துங்கள். உள்ளே இருக்கும் லிங்க்கைத் தொட வேண்டாம். நேரே கிளைக்குப் போங்கள்.

எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. எந்தத் தேதியில் எந்தத் தபாலில் அனுப்பினீர்கள் என்று கேட்டு, திங்கட்கிழமை கிளையில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். மெயிலில் அல்ல, கையில். நகலில் சீல் போட்டு வாங்காமல் வர மாட்டேன்.