பேனா மாணவர் கையில் இருக்கட்டும்

6 மீட்டர் நீள உத்தரம், இரு முனைகளிலும் தாங்கிகள். இடமுனையிலிருந்து 2 மீட்டரில் 12 கிலோநியூட்டன் சுமை. முதலாண்டு மாணவர் ஒருவர் சுமையைச் சரிபாதியாகப் பிரித்து, தாங்கிக்கு ஆறு ஆறு என்று எழுதிவிடுகிறார். ட்யூட்டோரியல் நடத்தும் எம்.டெக். மாணவர் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்?

பல வகுப்புகளில், பேனாவை வாங்கி, ஒரு முனையில் திருப்புத்திறன் எடுத்து, எட்டு, நான்கு என்று முடித்துக் கொடுத்துவிடுகிறார். கேட்டவர் தலையாட்டுகிறார். அடுத்த கணக்கில் சுமை இரண்டானதும் மறுபடி திணறுகிறார்.

தேர்ந்தவர் பேனாவைத் தொடுவதில்லை. சுமைக்கு நேர்கீழே உள்ள வளைவுத் திருப்புத்திறனை இடப்பக்கமிருந்து ஒரு தரம், வலப்பக்கமிருந்து ஒரு தரம் போட்டுப் பார்க்கச் சொல்கிறார். ஒருபுறம் 12 வருகிறது, மறுபுறம் 24. ஒரே வெட்டுக்கு இரண்டு விடை எப்படி வரும் என்று மாணவருக்கே உறைக்கிறது. சுமையை இடத்தாங்கியின் மேலேயே கொண்டுபோய் வைத்தால் வலத்தாங்கிக்கு என்ன வேலை என்று இன்னொரு கேள்வி போதும். சமன்பாடு அவர் கையாலேயே பிறக்கும். எட்டும் நான்கும் கிடைத்தபின் இருபுறமும் 16 கிலோநியூட்டன்-மீட்டர் என்று ஒத்துப்போவதை அவரே சரிபார்த்துக்கொள்வார். சில நிமிடங்கள் கூடுதலாகும். அவற்றைத் தாராளமாகக் கொடுக்க வேண்டும்.

இந்த அணுகுமுறைக்கு ஆய்வுகளின் துணையும் உண்டு. தனிப்பயிற்சி பெறும் சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படிப்பவர்களில் 98 சதவீதம் பேரை விஞ்சுவார் என்று 1984-இல் பெஞ்சமின் புளூம் எழுதியது பெரும் எதிர்பார்ப்பைக் கிளப்பியது. 2011-இல் கர்ட் வான்லேன் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பயன் அத்தனை பெரிதாக இல்லை. மனிதப் பயிற்றுநரின் விளைவளவு 0.79, ஒவ்வொரு படியிலும் வழிகாட்டும் மென்பொருளுக்கு 0.76, இறுதி விடையை மட்டும் பார்க்கும் மென்பொருளுக்கு 0.31. விடையைத் திருத்துவதைவிடப் படியைக் கவனிப்பதே பலன் தருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மிஷலின் சீயின் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்றுநர்கள் விளக்கம் சொல்வதை நிறுத்திக் கேள்விகளால் மட்டும் தூண்டியபோதும் மாணவர்களின் கற்றல் குறையவில்லை.

முதுநிலை மாணவர் இந்த வேலைக்குப் பொருத்தமானவர். தாமே இடறிய இடங்கள் அவருக்கு இன்னும் நினைவிருக்கும். ஆனால் பழக்கத்தால் மூன்று படிகளை ஒன்றாகத் தாண்டிவிடும் ஆபத்தும் அவருக்கு உண்டு. ஃப்ரீ பாடி டயகிராமை மனத்திலேயே வரைந்துவிட்டு நேராகச் சமன்பாட்டில் இறங்கிவிடுவார். இதைத் தானாக உணர்வது கடினம். சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும்.

அதற்குத்தான் துறைகளில் இடமில்லை. மாதம் ரூ.12,400 உதவித்தொகைக்கு ஈடாக ஐ.ஐ.டி.களில் எம்.டெக். மாணவர் வாரம் 8 மணி நேரம் துறைப்பணி செய்கிறார். அந்த நேரம் விடைத்தாள் திருத்தவும் ஆய்வகத்தைக் கண்காணிக்கவும் கரைந்துபோவது எளிது. அதில் ஒரு மணி நேரத்தையாவது, ஒருவர் நடத்தும் ட்யூட்டோரியலை இன்னொருவர் உட்கார்ந்து பார்த்து, பேனா எப்போது கைமாறியது என்று குறித்துக்கொள்ள ஒதுக்கலாம். அடுத்த பருவத்தின் பணிப்பட்டியல் இறுதியாகும் முன்பே துறைத்தலைவர்கள் இதை அதில் சேர்க்க வேண்டும் என்று வேண்டுகிறோம்.