தீர்ப்பு இருந்தது, நிலம் போயிற்று

சட்டம் தம் பக்கம் நின்றால் நிலமும் தம் பக்கமே நிற்கும் என நம்புவோர் செரோக்கி மக்களின் வரலாற்றைக் கற்பாராக.

அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் உழுது வாழ்ந்த அம்மக்கள் 1827இல் தமக்கென அரசியலமைப்பு வகுத்தனர். 1828இல் தம் மொழியிலும் ஆங்கிலத்திலும் பத்திரிகை கண்டனர். நாகரிகம் அடையுங்கள் என்று உபதேசித்தோர்க்கு வேறென்ன சான்று வேண்டும்? எனினும், 1830இல் இந்தியரை அகற்றும் சட்டம் பிறந்தது. அதனைத் தடுக்கச் சீர்திருத்தம் விழைந்த பெண்கள், கதரின் பீச்சரின் தூண்டுதலால், காங்கிரசுக்கு மனு விடுத்தும் பயனில்லை.

1832இல் வூஸ்டர் வழக்கிற் பிரதம நீதியரசர் மார்ஷல், ஜோர்ஜியாவின் சட்டம் செரோக்கி மண்ணிற் செல்லாதெனத் தீர்ப்பளித்தார். ஜனாதிபதி ஜக்சனோ அதனைக் காக்க முன்வரவில்லை. 1835இல், மக்களின் ஆணை பெறாத சிறு குழுவொன்று நிலத்தை எழுதிக் கொடுத்தது. தலைவர் ஜோன் றொஸ் எதிர்த்தும், ஒரு வாக்கு மாறியிருந்தால் வீழ்ந்திருக்கக்கூடிய அவ்வொப்பந்தத்தைச் செனற்சபை 1836இல் ஏற்றது. 1838இல் படை வந்தது. மேற்கு நோக்கி விரட்டப்பட்டோரில் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர்.

சட்டத்தைத் தொழிலாகக் கொண்ட நாம் இதனைக் கூறுவது நீதிமன்றை இகழ்வதற்கன்று. தீர்ப்பு உரிமைக்குச் சான்று, காவல் அன்று. வேலி அடைத்தவனும் இரவில் விழித்திருத்தல் வேண்டும் என்பதை உழவர் அறிவர். நிறைவேற்றும் அதிகாரம் மாற்றார் கையில் இருக்கும்வரை, வென்ற வழக்கும் வெறும் ஏடே.