நீட்டிப்பு யார் கையில்?

ஆப்பிரிக்க நாடுகளில் அமைதிக் கண்காணிப்புக் குழுவின் காலத்தை நீட்டிக்கலாமா என்ற விவாதம் எழும்போதெல்லாம், நீட்டிக்கும் உரிமை உண்மையில் யாரிடம் இருக்கிறது என்பது பேசப்படுவதில்லை. நம் அண்டை நாடான இலங்கை இதற்குக் கசப்பான விடையைத் தந்திருக்கிறது. 2002 பிப்ரவரியில் அரசும் விடுதலைப் புலிகளும் ஒப்பமிட்ட போர்நிறுத்த உடன்படிக்கையின்படி நார்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து நாட்டவரைக் கொண்டு அமைந்த கண்காணிப்புக் குழுவினர் ஆயுதம் ஏந்தாதவர்கள். எது மீறல் என்று விசாரித்துச் சொல்லலாமே தவிர, தடுக்கவோ தண்டிக்கவோ அவர்களுக்கு அதிகாரமில்லை. ஐ.நா. அமைதிப்படைக்கு ஆணை, அதாவது எதை எவ்வளவு காலம் செய்யலாம் என்ற வரையறை, பாதுகாப்பு அவையின் தீர்மானத்தால் புதுப்பிக்கப்படும்; இலங்கைக் குழுவுக்கோ அப்படியோர் அவை பின்னால் இல்லை, இரு தரப்பில் எவர் 14 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தாலும் உடன்படிக்கையே முடிந்துவிடும்.

அந்தப் பிடிமானமின்மை 2006 ஆகஸ்டில் மாவிலாற்றில் வெட்டவெளிச்சமானது. அங்கே தண்ணீரைத் தடுத்து மூடியிருந்த மதகைத் திறக்கப் புலிகள் இணங்கிய பிறகு, குழுத் தலைவர் உல்ஃப் ஹென்ரிக்சன் அங்கு சென்றுகொண்டிருக்கையில் இராணுவத்தின் எறிகணைகள் அருகே விழ, அவர் திரும்ப நேர்ந்தது. தண்ணீருக்காகத் தொடங்கிய சண்டை, தண்ணீர் வரவிருந்த நேரத்திலும் நிற்கவில்லை. அதே மாதம் மூதூரில் 17 தொண்டுப் பணியாளர்கள் கொல்லப்பட்டதற்குப் பாதுகாப்புப் படைகளே பொறுப்பு என்று குழு அறிவித்தது, அரசு மறுத்தது.

புலிகளும் குழுவை மதித்துவிடவில்லை. பதிவான மீறல்களில் பெரும்பங்கு அவர்களுடையது. அதில் சிறுவர்களைப் படையில் சேர்த்ததே மிகுதி. ஐரோப்பிய ஒன்றியம் 2006 மே மாதம் தம்மைத் தடை செய்ததும், அதன் உறுப்பு நாடுகளான மூன்றின் கண்காணிப்பாளர்களையும் அவர்கள் வெளியேறச் சொன்னார்கள். எஞ்சியவை நார்வேயும் ஐஸ்லாந்தும்தான். பிறகு 2008 ஜனவரி 2 அன்று அரசு விலகலை அறிவிக்க, 16ஆம் தேதியோடு எல்லாம் முடிந்தது.

பாதுகாப்பு அவையின் ஆணை இருந்தால் மட்டும் போதும் என்று எண்ணுவதும் பிழை. 2023இல் மாலி அரசு வேண்டாம் என்றதும், பல்லாயிரம் வீரர்களைக் கொண்ட ஐ.நா. படையே ஆண்டு இறுதிக்குள் மூட்டை கட்டியது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு: அங்கே வெளியேற்றமும் ஒரு தீர்மானத்தின் வழியே, கால அட்டவணையோடு நடந்தது. இலங்கையில் கண்காணிப்பு முடிந்த எட்டாம் மாதம், வன்னியிலிருந்து ஐ.நா. ஊழியர்களையும் அரசு வெளியேறச் சொன்னபோது, கிளிநொச்சியில் அவர்களுடைய அலுவலக வாசலில் மக்கள் திரண்டு நின்று, போக வேண்டாம் என்று கெஞ்சினார்கள், வண்டிகள் கிளம்பிவிட்டன.