சீசன் பீரும் நம்ம ஊர் கள்ளும்

ஜெர்மனியில் இலையுதிர் காலத்துக்கென்றே ஒரு பீர் உண்டு. பெயர் மேர்சன், அதாவது மார்ச் மாதத்து பீர். வெயிலில் பீர் கெட்டுப்போகிறது என்று 1553-ல் பவேரியாவில் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை காய்ச்சத் தடை போட்டார்கள். அதனால் மார்ச்சில் காய்ச்சி, குளிர்ந்த நிலவறையில் வைத்திருந்து, கோடை முடிந்ததும் குடித்துத் தீர்த்தார்கள்.

நமக்கு இலையுதிர் காலம் ஏது? ஐப்பசி வந்தால் அடைமழைதான். நம்ம சீசன் கோடை. திருவிடந்தைப் பக்கம் பஸ்ஸில் போனால் கண்ணில் படுகிற பனைமரம்தான் நம்ம மதுவாலை. பானையில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். மறுநாளைக்கு வைத்தால் புளித்துவிடும்.

அந்தக் கள்ளுக்குத் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. பக்கத்துக் கேரளாவில் கள்ளுக்கடை இருக்கிறது. இங்கே 2003 முதல் அரசே சில்லறைக் கடை நடத்தி, டாஸ்மாக்கில் பன்னிரண்டு மாதமும் பீர் விற்கிறது.

குடி கெடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டிலை விற்றால் அரசுக்கு வருமானம், கள் இறக்கினால் பனையேறி மேல் வழக்கு என்பது என்ன நியாயம்? தடுப்பதென்றால் இரண்டையும் தடுக்கட்டும். இல்லையென்றால் மரமேறுகிறவரை விட்டுவிடட்டும். கள்ளுக்காவது சீசன் முடிகிற நாள் ஒன்று உண்டு. டாஸ்மாக்குக்கு?