கடைசியாக வந்த பிள்ளை

தைப்பொங்கல் கழிந்ததும் நம் பாடசாலை மைதானங்கள் புதுப் பொலிவு பெறுவது வழக்கம். ஓடுபாதைகளுக்குச் சுண்ணாம்புக் கோடுகள் இடப்படுகின்றன. இல்லத்துக்கு ஒரு நிறமாகக் கொடிகள் பறக்கின்றன. அணிநடை பழகும் மாணவரின் காலடி ஓசை அடுத்த தெருவரை கேட்கின்றது. விளையாட்டுப் போட்டி நாளன்று பெற்றோராகிய நாமும் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றோம்.

போட்டி முடிந்து வீடு திரும்பும் பிள்ளையை நோக்கி நம்மவர் கேட்கும் முதற் கேள்வி யாது? "எத்தனையாம் இடம்?" என்பதே அது. கேட்பவர் அன்பினாலேதான் கேட்கின்றார். ஆயினும் சற்று எண்ணிப் பாருங்கள். எட்டுப் பிள்ளைகள் ஓடினால் மூவருக்கே பரிசு. எஞ்சிய ஐவரும் இக் கேள்விக்குத் தலைகுனிந்தே விடை கூறவேண்டும். அவ்வைவரும் மறு ஆண்டு ஓடுபாதைக்கு வராதொழிந்தால் பாடசாலையில் விளையாட்டு ஏது?

எம் இல்லத்திலும் இவ்வாண்டு இக் கேள்வி எழுந்தது. 13 வயதுடைய எம் மகள் 800 மீற்றர் ஓட்டத்திற் பங்குபற்றினாள். "என்ன பிள்ளை, எத்தனையாவதாய் வந்தனீ?" என்று அம்மம்மா ஆவலோடு வினவினார். "கடைசி, அம்மம்மா. இனி நான் ஓடமாட்டன்" என்று கூறிவிட்டு, சப்பாத்துகளைக் கட்டிலின் கீழே தள்ளிவிட்டாள். அவள் அழவில்லை. அதுவே எமக்குக் கவலையளித்தது. அழுகின்ற பிள்ளைக்கு ஓட்டத்தில் இன்னும் ஆசை உண்டு. சப்பாத்தை மறைத்து வைக்கும் பிள்ளையோ அந்த ஆசையையே விட்டுவிடத் துணிந்துவிட்டது.

அன்றிரவு உணவின்போது, யப்பானின் தலைநகராகிய டோக்கியோவில் ஒரே விளையாட்டரங்கில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளை அவளுக்கு எடுத்துரைத்தோம்.

முதலாவது, 1958 ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியில் நிகழ்ந்தது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டிப் பொற்பதக்கம் பெற்றார். ஆசியப் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதற் பொற்பதக்கம் அதுவே. ஆனால் 1952 இல் ஹெல்சிங்கியிலும் 1956 இல் மெல்பேணிலும் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளிற் பங்குபற்றி, பதக்கமின்றித் திரும்பியவரும் அவரே. இடத்தை மாத்திரம் எண்ணி அவர் 1956 உடன் பாய்வதை விட்டிருந்தால், 1958 இன் பெருமை நமக்குக் கிட்டியிராது.

இரண்டாவது, 1964 ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் நிகழ்ந்தது. நம் நாட்டு இராணுவ வீரரான கருணானந்தா 10,000 மீற்றர் ஓட்டத்திற் கலந்துகொண்டார். அது 25 சுற்றுகள் கொண்ட நெடிய ஓட்டம். அமெரிக்கரான பில்லி மில்ஸ் வெற்றி பெற்றார். தொடங்கியவர்களுட் சிலர் இடைநடுவில் விலகினர். ஏனையோர் எல்லாரும் ஓடி முடித்த பின்னரும் கருணானந்தாவுக்குச் சில சுற்றுகள் எஞ்சியிருந்தன. தனியொருவராக ஓடிக்கொண்டிருந்த அவரைக் கண்டு மக்கள் முதலில் நகைத்தனர். அவர் நிற்கவில்லை. மெல்ல மெல்ல நகைப்பு அடங்கிற்று. இறுதியில் அரங்கெங்கும் கரகோஷம் எழுந்தது. அவர் வரலாறு பின்னர் யப்பானியச் சிறுவரின் பாடநூலிலும் இடம்பெற்றது.

மகள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பின்பு, "நான் எத்தனை நிமிஷத்தில் ஓடினனான், அப்பா?" என்று கேட்டாள். அதற்கு விடை எவரிடமும் இல்லை. முதல் மூவரின் நேரமே குறிக்கப்பட்டிருந்தது.

அவள் கேட்டதே பெற்றோரும் கேட்கவேண்டிய கேள்வி என்பது எமது கருத்து. இடம் என்பது பிறரைப் பொறுத்தது. பக்கத்தில் ஓடுபவள் வல்லவளாயின், நம் பிள்ளை எத்துணை விரைந்தாலும் பின்னிற்க நேரும். நேரமோ அவளுக்கே உரியது. சென்ற வாரத்திலும் பார்க்க இவ்வாரம் இரண்டு விநாடி குறைந்தால், அது அவள் உழைத்துப் பெற்ற ஆதாயம். உயரம் பாய்தலையும் நோக்குங்கள். கோல் உயர்ந்துகொண்டே போகின்றது. தொடர்ந்து மும்முறை தவறியவர் விலகவேண்டும். வென்றவரும் பெரும்பாலும் கோலைத் தட்டிவிட்டே முடிக்கின்றார். எனினும் அவர் பெயரோடு நிலைப்பது அவர் தாண்டிய உயரமே.

இப்பொழுது எம் மகள் சனிக்கிழமை காலைகளில் மைதானத்தை இருமுறை சுற்றி ஓடுகின்றாள். கடிகாரம் பிடிப்பது எம் வேலை. நேரத்தை ஒரு கொப்பியில் அவளே எழுதுகின்றாள். சில வாரங்களில் நேரம் கூடிவிடுவதும் உண்டு. அதனையும் மறைக்காது எழுதுகின்றாள்.

இவ்விடத்திற் பெற்றோருக்கு இரண்டு சொற்கள். தாம் பெறாத கிண்ணத்தைப் பிள்ளை பெறவேண்டுமென்று விடியற்காலையில் அதட்டி எழுப்புவோர் உளர். அங்கே ஓடுவது பிள்ளையின் கால், ஆசை தந்தையுடையது. அத்தகைய ஓட்டம் நெடுநாள் நீடியாது. பரீட்சை வருகின்றதென்று விளையாட்டை அறவே நிறுத்தி, ஒரு ரியூசன் வகுப்பிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்புவோரும் உளர். 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் உடல் வருந்த இயங்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகின்றது. புத்தகத்தின் முன் அமரும் பிள்ளைக்கும் உடல் வேண்டுமன்றோ?

மாணவச் செல்வங்களே, அடுத்த போட்டியில் எந்த இடம் கிடைப்பினும் உங்கள் நேரத்தையும் தூரத்தையும் கேட்டறிந்து குறித்துக்கொள்ளுங்கள். மறு ஆண்டு நீங்கள் வெல்லவேண்டிய எதிராளி அந்தக் குறிப்பிலேயே இருக்கின்றார்.

பெற்றோர்களே, களைத்து வரும் பிள்ளைக்கு முதலில் ஒரு குவளை தண்ணீர் கொடுங்கள். பின்பு, "எப்படி ஓடினாய்?" என்று கேளுங்கள். இடத்தை அப் பிள்ளை தானாகவே சொல்லும்.